பலாலியில் நேரே இறங்குவதென்றால்

ஊருக்கு வர ரிக்கற் போடமுதல் எல்லோரும் கேட்பது, "கட்டுநாயக்காவால் வாறதோ, சென்னையால் வாறதோ?" என்பதுதான். கட்டுநாயக்கா கொழும்புப் பக்கத்து விமான நிலையம்; சென்னையால் என்றால் அங்கே விமானம் மாறி, யாழ்ப்பாணத்துப் பலாலியிலேயே நேரே இறங்கலாம். ஆளுக்கொரு பெட்டி, கையில் இந்திய விசா, நடுவில் ஒருநாள் தங்க அவகாசம், இவை இருந்தால் சென்னையால் வாருங்கள். கைக்குழந்தையும் நாலு சூட்கேசும் என்றால் கட்டுநாயக்காவில் இறங்கி வான் பிடிப்பதே நிம்மதி, ஏழெட்டு மணித்தியாலம் றோட்டில் போனாலும்.

பலாலிக்குப் பெரிய விமானம் வராததற்குக் காரணம் ஓடுபாதை. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது 1,400 மீற்றர் அளவுக்குத்தான் அதைத் திருத்தியிருந்தார்கள். அந்த நீளத்துக்குத் தோதானது ஏடிஆர் 72 என்ற, எழுபதுக்குச் சற்று மேற்பட்டோர் ஏறும், இறக்கையில் காத்தாடி சுழலும் விமானம். அலையன்ஸ் எயர் 2019 நவம்பரில் சென்னையிலிருந்து தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. இண்டிகோ 2024 செப்ரெம்பரில் சென்னைச் சேவையையும், 2025 மார்ச் கடைசியில் திருச்சிச் சேவையையும் தொடங்கியது. நாளும் நேரமும் மாறிக்கொண்டிருக்கும்; முகவரின் வாய்ச்சொல்லோடு நிற்காமல் நிறுவனத்தின் தளத்தில் நீங்களே பாருங்கள்.

காத்தாடியைக் கண்டு பழைய விமானமோ என்று பயப்படவேண்டாம். உள்ளே சுழல்வது ஜெட் எஞ்சினின் உறவுதான். அதன் சக்தி காத்தாடியைச் சுற்றுகிறது. குறுந்தூரத்துக்கு எரிபொருள் மிச்சம், கட்டை ஓடுபாதையிலும் இறங்கும். வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் என்பதால் சென்னையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் எடுக்கும். பயணிகள் ஏறும் கதவு வாலுக்குப் பக்கத்தில், முன்பக்கம் பொதிகளுக்கு. ஆகவே பின்வரிசையில் இருந்தால் காத்தாடி இரைச்சலும் குறைவு, குடிவரவு வரிசையிலும் முன்னுக்கு நிற்கலாம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் யன்னலை அது மறைக்காது: கடல் முடிந்ததும் பனைகளும் வலிகாமத்துச் செம்மண்ணும் தெளிவாகத் தெரியும். தலைக்கு மேலே பொதி வைக்கும் தட்டு சின்னது. சில்லு வைத்த கைப்பெட்டியை ஏணியடியில் வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள். மருந்து, கடவுச்சீட்டு, நகை எல்லாம் தோள்பையில் இருக்கட்டும்.

காசு போகும் இடம் கிலோவில். கனடாவிலிருந்து 23 கிலோப் பெட்டி இரண்டோடு வருபவருக்குச் சின்ன விமானத்தின் ரிக்கற் அவ்வளவையும் தராது. மேலதிக நிறையை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். கவுண்டரில் கட்டினால் மலிவு ரிக்கற்றின் மலிவு அங்கேயே கரைந்துவிடும். சொக்கிளேற்றும் சம்பூவும் யாழ்ப்பாணத்துக் கடைகளிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன (இதை மாமிமாருக்கு விளங்கப்படுத்துவது உங்கள் பாடு). திரும்பும்போது மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் ஒடியல்மாவும் பெட்டியை நிரப்பும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அடுத்தது விசா. இரண்டு பயணத்தையும் தனித்தனி ரிக்கற்றாக எடுத்திருந்தால், சென்னையில் குடிவரவு தாண்டி, பெட்டி எடுத்து, சுங்கம் கடந்து, திரும்பப் புறப்பாட்டுப் பக்கம் போகவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். வரும்போதும் போகும்போதும் சென்னையால் என்றால் இந்தியாவுக்குள் இரண்டுதரம் நுழைகிறீர்கள். ஒருதரம் மட்டும் நுழையும் விசா உதவாது. இலங்கைக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதியையும் புறப்படமுதலே எடுத்துவையுங்கள். கலியாணத்துக்கென்று கனத்த நகை கொண்டுவருபவர்கள் சென்னைச் சுங்கத்தில் கேட்கமுதலே அறிவித்துவிடுவது நல்லது.

முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால், தனி ரிக்கற்றுக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். அதனால்தான் ஒருநாள் இடைவெளி. நவம்பர், டிசம்பரில் மழை சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் ஒன்றாகப் பிடிக்கும். அந்த மாதங்களில் திரும்பும் பயணத்துக்கும் அதே இடைவெளி விடுங்கள்.

பலாலியிலிருந்து யாழ் நகரம் ஏறக்குறைய 16 கிலோமீற்றர். வாசலில் ஓட்டோ நிற்கும் என்று நம்பி வராமல் வாகனத்தை முதலே பேசிவையுங்கள். தெல்லிப்பழை, சுன்னாகம் பக்கத்து ஆட்கள் ரவுணுக்குப் போகவே தேவையில்லை. கிளிநொச்சி, வவுனியா போகிறவர்கள் ரயில் நேரம் பொருந்தினால் காங்கேசன்துறை ஸ்ரேசனில் ஏறலாம். வண்டி அங்கிருந்தே புறப்படுவதால் இருக்க இடமும் கிடைக்கும்.