பின்னணியில் நின்றுபோன லேடெக் தொகுப்பு

மண்டபம் கரையோரக் கடற்புல் படுகைகள் குறித்த அறிக்கையை லேடெக் என்ற ஆவணத் தயாரிப்பு மென்பொருளில் எழுதியபோது, எடிட்டர் பின்னணியில் நடத்தும் தொகுப்பு (எழுதிய மூலக் கோப்பைப் பிடிஎஃப்பாக மாற்றும் வேலை) எந்தப் பிழையும் காட்டாமல் முடிவின்றி ஓட, பிடிஎஃப் மட்டும் பழையதாகவே இருந்தது. துணைக் கோப்புகளை அழித்தும், மென்பொருளை மறுபடி நிறுவியும் பயனில்லை. தமிழ் எழுத்துருவைச் சந்தேகித்ததும் வீண்.

எளிதில் கண்ணில் படாத குறி ஒன்று இருந்தது: செயல்முறை உயிருடன் இருந்தும் சிபியு பயன்பாடு 0 சதவீதத்திலேயே நின்றது, அதாவது, அது எதற்கோ காத்திருந்தது. எடிட்டர் பயன்படுத்தும் அதே தொகுப்புக் கட்டளையை டெர்மினலில், அதாவது கட்டளைகளை நேரடியாகத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், இயக்கியபோது, பாம்பன் வரைபடக் கோப்பு கிடைக்காத லேடெக், கேள்விக்குறி ஒன்றை அச்சிட்டு விசைப்பலகையின் பதிலை எதிர்பார்ப்பது தெரிந்தது. பின்னணியில் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கட்டளையின் இன்டராக்‌ஷன் தெரிவுக்கு நான்ஸ்டாப்மோடு என்ற மதிப்பைக் கொடுத்ததும் தொகுப்பு நிற்காமல் முடிந்தது, நிம்மதி. ஃபைல்-லைன்-எரர் தெரிவையும் சேர்த்தபின், பிழையுள்ள கோப்பின் பெயரும் வரி எண்ணும் தொகுப்பின் பதிவுக் கோப்பிலேயே கிடைக்கின்றன.