ஒன்பது மணிக்கு வெளியே: குளிர்கால டப்ளினில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

போன டிசம்பரில் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு டப்ளின் வந்திருந்தார். ஒரு நாள் இரவு ஒன்பதேகாலுக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். பப் வாசல், தூறல், கோட்டுக்குள் சுருண்டு நிற்கும் இரண்டு பிள்ளைகள், பெரியவன் கையில் பாதி கடித்த சாண்ட்விச். கீழே ஒரே வரி: "வெளியே அனுப்பிட்டாங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு வாசலில் இப்படி ஒரு தூறலில் நானும் நின்றிருக்கிறேன்.

ஸ்வெட்டர் எடுங்கள், முன்கூட்டியே அறை பிடியுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன். குடை பற்றி மட்டும் ஒரு வார்த்தை: லிஃபி ஆற்றுப் பாலத்தில் அடிக்கிற காற்று முதல் நாளே அதை முறித்துவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள்.

இசை என்றால் இரவு என்று முடிவுகட்டுவது

என் பணத்தைத் தின்ற தவறு இதுதான். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அக்கா, மாமா, அவர்களுடைய ஒன்பது வயதுப் பெண், பதினாறு வயதுப் பையன். கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள். "ஐரிஷ் பாட்டு கேட்கணும், பப்புல உட்கார்ந்து கேட்கணும்" என்று அக்கா லண்டனில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள். நான் அப்போது டப்ளினுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எல்லாம் தெரிந்தவன் மாதிரி திட்டம் போட்டேன். பகலெல்லாம் அறையில் ஓய்வு, சாயங்காலம் கடைவீதி, எட்டரைக்கு டாக்ஸி பிடித்து பப்.

ஓரத்தில் நல்ல மேசை கிடைத்தது. மீன் சௌடர் என்கிற கெட்டி சூப், பிரவுன் பிரெட், பிள்ளைகளுக்குச் சிவப்பு லெமனேட் (இந்த ஊருக்கே உரியது, சுவையில் பெரிய வித்தியாசம் கிடையாது), மாமாவுக்கு ஒரு கின்னஸ் பீர். மூலையில் ஒருவர் பிடில் பெட்டியைத் திறந்து வில்லுக்கு ரோசின் தேய்க்க ஆரம்பித்திருந்தார். மாமாவின் கிளாஸில் நுரை அப்போதுதான் மேலேறிப் படிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து பார்காரர் வந்து என் காதருகே குனிந்தார். மணி ஒன்பது ஆகப்போகிறது, பிள்ளைகள் கிளம்ப வேண்டும் என்றார். குரலில் கோபமில்லை, உண்மையாகவே சங்கடப்பட்டார்.

மாமா விடவில்லை. "அவங்க லெமனேட்தானே குடிக்கிறாங்க?" என்றார். குடிக்கிறார்களா இல்லையா என்பதல்ல பிரச்சினை, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் பாரில் இருப்பதே பிரச்சினை. பையனுக்குப் பதினாறு, மாமாவை விட உயரம். இருந்தும் அவனும் எழுந்தான். முதல் பாட்டின் முதல் நாலு ஸ்வரம் கதவு சாத்தும்போது காதில் விழுந்தது. போக ஒரு டாக்ஸி, வர ஒரு டாக்ஸி, பாதி சாப்பிட்ட ஐந்து பேர் சாப்பாடு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் குத்தியது.

சட்டம் இதுதான். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பதினெட்டு வயது ஆகாதவர்கள் இரவு 9 மணிக்கு மேல் பாரில் இருக்க முடியாது. மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ கூட இல்லாமல் உள்ளே வரவே முடியாது. இது குறைந்தபட்சக் கட்டுப்பாடுதான். ஏழு மணிக்கே பிள்ளைகளை அனுப்பும் பப்புகள் உண்டு, அது கடைக்காரர் உரிமை. அவரிடம் வாதாடிப் பயனில்லை, உங்களுக்காக அவர் தன் லைசென்ஸை அடகு வைக்க மாட்டார்.

அப்புறம்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. டிசம்பர் கடைசியில் டப்ளினில் நாலு மணி பத்து நிமிடத்துக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. நாலரைக்குத் தெரு விளக்கு, ஈரக் கல்தரையில் மஞ்சள் வெளிச்சம், பப்புக்குள் கணப்பில் நெருப்பு. "ராத்திரி பப்" என்று நீங்கள் கற்பனை செய்து வைத்திருப்பது மொத்தமும் சாயங்காலமே கிடைக்கிறது. பிள்ளைகளோடு உட்கார முழுசாக நாலு மணி நேரம் இருக்கிறது. குளிர்காலம் குடும்பத்துக்குச் செய்யும் உபகாரம் இது. நான் என்ன செய்தேன்? அந்த நாலு மணி நேரத்தையும் கடைவீதியில் கழித்தேன்.

செஷன் என்கிற இந்தப் பப் இசைக் கூடல்கள் பெரும்பாலும் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் சூடுபிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் கோப்பிள்ஸ்டோன் மாதிரி இடங்களில் வார இறுதியில் மதியமே வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பப்பைச் சுற்றி ஹோட்டல் எழுப்பத் திட்டம் வந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2021-இல் மாநகராட்சி அனுமதி மறுத்தது. ஜனவரி கடைசியில் வருபவர்களுக்கு டிராட்ஃபெஸ்ட் இசை விழா இருக்கிறது. எங்கே போவதாக இருந்தாலும் காலையிலேயே போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்று எத்தனை மணிக்கு வாசிக்கிறார்கள், பிள்ளைகள் எத்தனை மணி வரை இருக்கலாம்? இந்த இரண்டு கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

செஷனைக் கச்சேரி என்று நினைப்பது

மேடை கிடையாது, மைக் பெரும்பாலும் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து தங்களுக்காக வாசித்துக்கொள்கிறார்கள். பிடில், டின் விசில் என்கிற சின்னக் குழல், பவ்ரான் என்கிற கைப்பறை, சில நாள் இல்லன் பைப். இல்லன் பைப்பை வாயால் ஊதுவதில்லை, முழங்கையால் துருத்தியை அமுக்குகிறார்கள். 2017-இல் இந்த வாசிப்பு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்ப்பது அதைத்தான்.

காலியாகத் தெரிகிற அந்த மேசையில் உட்காராதீர்கள். அது வரப்போகிறவர்களுடையது. நேயர் விருப்பம் கேட்காதீர்கள். யாராவது வாத்தியம் இல்லாமல் தனியாகப் பாட எடுத்தால் மொத்தப் பப்பும் அடங்கிவிடும். அந்த நேரத்தில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தவன் நான். கடை முழுக்கக் கேட்டது.

மேசைக்கு ஆள் வரும் என்று காத்திருப்பது

சாப்பாட்டுக்கு வந்தாலும் வரலாம். குடிக்க வேண்டுமென்றால் நீங்கள்தான் எழுந்து கவுண்டருக்குப் போக வேண்டும். கின்னஸைப் பார்காரர் முக்கால் கிளாஸ் ஊற்றி ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். மறந்துவிட்டார் என்று கை நீட்டி எடுக்காதீர்கள், அது படிந்த பிறகு மீதியை ஊற்றுவார். டிப்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் இருக்கும் உள்ளூர்க்காரர் உங்களுக்கு ஒன்று வாங்கித் தந்தால் அடுத்தது உங்கள் முறை, அதில் மட்டும் தவறிவிடாதீர்கள்.

பழைய பப்புகளில் ஸ்னக் என்று ஒரு குட்டித் தடுப்பறை இருக்கும். பெண்கள் பப்பில் குடிப்பதை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்த காலத்தில் அவர்கள் கண்ணில் படாமல் உட்கார்ந்த இடம். கதவு சாத்திக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளோடு போனால் முதலில் அதைத் தேடுங்கள்.

டெம்பிள் பாரோடு முடித்துக்கொள்வது

சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் பப் வட்டாரம் இது. ஒரு சுற்று நடங்கள், படம் எடுங்கள், கிளம்புங்கள். விலையைப் பார்த்தால் நீங்களே கிளம்பிவிடுவீர்கள். பதினைந்து நிமிட நடையில் மெரியன் ரோவில் ஓ'டோனஹ்யூஸ் இருக்கிறது, 1960-களில் டப்ளினர்ஸ் என்கிற ஐரிஷ் நாட்டுப்பாடல் குழு உருவான இடம்.

டிசம்பர் நடுவில் வெள்ளி, சனி

"கிறிஸ்துமஸின் பன்னிரண்டு பப்புகள்" என்று ஒரு கூத்து உண்டு. கோமாளி ஸ்வெட்டர் போட்ட கூட்டம் ஒரே இரவில் பன்னிரண்டு பப் ஏறி இறங்கும். நாலாவது பப் வரை பார்க்க வேடிக்கையாக இருக்கும். அந்த இரண்டு நாளும் பிள்ளைகளோடு ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 25-ஐப் பயணத்துக்குள் வைப்பது

பஸ் இல்லை, டிராம் இல்லை, ரயில் இல்லை. விமான நிலையத்தில் பயணிகள் விமானம் இல்லை. பப்புகள் திறக்கச் சட்டத்திலேயே இடமில்லை. முந்தின நாள் சாயங்காலமே ஊர் அடங்க ஆரம்பித்துவிடும். மாட்டிக்கொண்டால் 24-ஆம் தேதி பகலிலேயே இரண்டு நாளைக்கான பால், பிரெட், முட்டை வாங்கி வையுங்கள். வண்டி இருந்தால் 25 காலையில் சாண்டிகோவ் பக்கம் ஃபார்ட்டி ஃபுட் என்கிற கடல் குளிக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்தக் குளிரில் ஊர்க்காரர்கள் கடலில் குதிப்பார்கள். நீங்கள் கரையில் நின்று ஃபிளாஸ்க் டீ குடிக்கலாம்.

ஷெங்கன் விசா போதும் என்று கிளம்புவது

போதாது. அயர்லாந்து ஷெங்கன் நாடுகளில் சேராது.

பஸ்ஸில் நோட்டை நீட்டுவது

வாங்க மாட்டார்கள். லீப் கார்டு என்கிற பயண அட்டை எடுங்கள்.

மியூசியத்துக்கு ஞாயிறு காலையில் போவது

கில்டேர் தெரு தேசிய மியூசியம் இலவசம், ஆனால் ஞாயிறும் திங்களும் மதியம் 1 மணிக்குத்தான் கதவு திறக்கும். தாரா புரூச் என்கிற பழங்கால நகையையும் ஆர்டா கிண்ணத்தையும் பெரியவர்கள் பார்க்கட்டும். பிள்ளைகளைச் சதுப்பு நிலத்தில் கிடைத்த உடல்களிடம் கூட்டிப் போங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலான கையில் நகம் அப்படியே இருக்கிறது.

எல்லாப் பப்பிலும் பாட்டு இருக்கும் என்று நம்புவது

கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தின் மதிலை ஒட்டி 1833-லிருந்து ஒரு பப் இருக்கிறது. கதவில் ஜான் கவானா என்று பெயர், ஊர் வாயில் "கிரேவ்டிகர்ஸ்", அதாவது குழிவெட்டிகள். பாட்டும் கிடையாது, டிவியும் கிடையாது. பேச்சு மட்டும்தான். அப்பா ஊரிலிருந்து வந்தபோது மதியம் அங்கே கூட்டிப் போனேன். பன்றி இறைச்சி, சாஸேஜ், உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டு வேகவைத்த காடில் வந்தது. டப்ளின்காரர்கள் உயிரை விடும் உணவு, பார்க்க மட்டும் வெளிறிப்போன குருமா மாதிரி இருக்கும். அப்பா ஒரு கரண்டி வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மிளகுத்தூள் எங்கே இருக்கிறது என்று பக்கத்து மேசையில் கேட்டார். அங்கே ஆரம்பித்த பேச்சு ஐந்து மணி வரை போனது.