நிலையான வைப்பிலிருந்து கிரிப்டோவுக்கு: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கிரிப்டோ பற்றி என்னிடம் கேட்டு வருபவர்களில் பலர் முதலீட்டுக்குப் புதியவர்கள் அல்லர். நிலையான வைப்பு, திறைசேரி உண்டியல், செட்டியார் தெருவில் வாங்கிய நகை, ஊரில் ஒரு காணி, பங்குச் சந்தையில் நாலைந்து கம்பனிகளின் பங்கு என்று சேர்த்ததைக் கவனமாகக் கட்டிக்காத்தவர்கள். அந்தப் பழக்கத்தோடு இங்கே கால் வைக்கும்போதுதான் சறுக்குகிறார்கள். நான் தொடக்கத்தில் நினைத்ததையே அவர்களும் நினைத்துக்கொண்டு வந்து உட்காரும்போது எனக்குப் பதற்றமாக இருக்கிறது. கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள் என்பது போன்ற அறிவுரைகளை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

வைப்புக் கணக்கைப் போல நினைப்பது

வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தமது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். திரையில் ஒரு செயலி. மேலே டொலரில் மொத்தத் தொகை, அதன் கீழ் "இன்றைய வட்டி" என்று பச்சை நிறத்தில் ஓர் எண், அதற்கும் கீழே அவர் சேர்த்துவிட்ட உறவினர்களின் பெயர்கள்.

"மாதம் 8 வீதம் தருகிறார்கள், தம்பி. வங்கியில் வருடம் முழுக்க வைத்தாலும் அவ்வளவுதானே?" என்றார்.

"சேர், அந்த 8 வீதம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன்.

"கம்பனி தருகிறது."

எந்தக் கம்பனி, எங்கே பதிவு, நம் பணத்தை வாங்கி என்ன தொழில் செய்கிறது என்ற எதற்கும் அவரிடம் பதில் இல்லை. ஒரு சிறு தொகையை வெளியே எடுத்துப் பாருங்கள் என்றேன். பொத்தானை அழுத்தியதும் ஓர் அறிவிப்பு வந்து நின்றது: கணக்கிலுள்ள மொத்தத் தொகையில் 15 வீதத்தை வரியாக முற்கூட்டிச் செலுத்தினால்தான் பணம் விடுவிக்கப்படுமாம். இது மோசடிக்காரர்களின் வழக்கமான கடைசிப் பிடி. எந்த நாட்டு இறைவரித் திணைக்களமும் ஒரு செயலியின் வழியாக, முன்பின் தெரியாத வொலட் (கிரிப்டோ வைத்திருக்கும் மின்பணப்பை) முகவரிக்கு வரி கேட்பதில்லை. ஆனாலும் அவர், நகையை அடகு வைத்து அந்த 15 வீதத்தையும் கட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுதும் கணக்கை ஒழுங்காகப் பார்த்த மனிதரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் மீது எனக்குள்ள ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வங்கி வட்டி எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். நம் வைப்பை வங்கி வேறொருவருக்குக் கூடிய வட்டிக்குக் கடன் கொடுக்கிறது. அந்த வங்கிக்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. அது விழுந்தாலும் வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. பங்கு வாங்கினால் அது மத்திய வைப்புத் திட்டத்தில் நம் பெயரிலேயே பதிவாகிறது. தரகர் கடையை மூடினாலும் பங்கு நம்முடையதுதான். இவ்வளவு காவலும் நம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நிற்பதால், எண் காட்டும் எந்தத் திரைக்குப் பின்னாலும் அதே காவல் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

பிட்கொயின் தானாக எந்த வட்டியும் தருவதில்லை. வொலட்டில் ஒரு பிட்கொயினைப் பத்து வருடம் வைத்திருந்தால் பத்து வருடம் கழித்தும் ஒன்றுதான் இருக்கும். அதற்கு வட்டி தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் அதை வாங்கி வேறெவருக்கோ கடன் கொடுக்கிறார், அல்லது பின்னால் வருபவரின் பணத்தை முன்னால் வந்தவருக்குப் பிரித்துக் கொடுக்கிறார். ஈதரியம் என்ற வலையமைப்பின் நாணயமான ஈதர் கொஞ்சம் வேறு. 2022 செப்டெம்பரில் அந்த வலையமைப்பு முறை மாறிய பிறகு, ஈதரைப் பிணையாகப் பூட்டி வைத்துக் கொடுக்கல் வாங்கல்களைச் சரிபார்ப்பவர்களுக்கு வலையமைப்பே வெகுமதி தருகிறது. அதுவும் ஆண்டுக்குச் சில வீதம்தான், ஈதராகத்தான் கிடைக்கும். ஈதரின் விலை பாதியானால் அந்தச் சில வீதம் எந்த மூலைக்கும் காணாது.

பெயர் பெற்ற இடங்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஒரு டொலருக்குச் சமமாக நிற்கும் என்று சொல்லப்பட்ட டெராயூஎஸ்டி என்ற நாணயத்துக்கு ஆங்கர் என்ற திட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 வீதம் தந்தார்கள். 2022 மே மாதத்தில் அந்த நாணயம் சில நாட்களுக்குள் சரிந்து போனது. அடுத்த மாதம் செல்சியஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தை எடுப்பதை நிறுத்தியது, ஜூலையில் வங்குரோத்து. வட்டிக் கணக்கில் போட்ட நாணயங்கள் செல்சியஸுக்கே சொந்தம், போட்டவர்கள் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்கள் மட்டுமே என்று 2023 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் சம்மதித்த நிபந்தனைகளிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. "என் கணக்கு" என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த தொகை, சட்டப்படி நிறுவனம் அவர்களுக்குத் தர வேண்டிய கடன்.

நம் ஊரில் இந்த ஆசை பெருகியதற்கு 2022இன் பொருளாதார நெருக்கடியும் ஒரு காரணம். அந்த நெருக்கடியில் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. விலைவாசி அதைவிட வேகமாக ஏறியதும், டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதும் மறந்துபோய், 30 என்ற எண் மட்டும் மனதில் தங்கிவிட்டது. பிறகு வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது, இழந்த அந்த 30 வீதத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். தேடுபவர்களுக்காகவே காத்திருந்தன இந்தச் செயலிகள்.

இன்னொன்று. ஆள் சேர்த்தால் தரகு என்று சொல்லும் திட்டத்துக்குத் தம்பியையும் மருமகனையும் கூட்டிப் போகாதீர்கள். இத்தகைய பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் குற்றம். உறவும் போய், வழக்கும் வரும்.

விலை குறைந்த நாணயத்தை மலிவு என்று நினைப்பது

ஒரு ரூபாய்க்கும் குறைவாக ஒரு நாணயம் கிடைக்கிறது என்று மகிழ்வதற்கு முன், மொத்தம் எத்தனை வெளியே இருக்கின்றன என்று பாருங்கள். பிட்கொயின் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் வர முடியாது. ஷிபா இனு என்ற நாணயமோ கோடிக்கணக்கான கோடி. பங்குச் சந்தையில் ஒரு பங்கின் விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்கும் நீங்கள், இங்கே வந்ததும் அந்தப் பெருக்கலை ஏன் மறக்க வேண்டும்?

மீட்புச் சொற்களைப் படம் எடுத்து வைப்பது

சொந்த வொலட் திறக்கும்போது 12 அல்லது 24 சொற்களை அது காட்டும். சொத்து முழுவதும் அந்தச் சொற்கள்தான். அவை யார் கையில் இருக்கின்றனவோ, அவர் எந்த நாட்டிலிருந்தும் உங்கள் வொலட்டைத் திறந்து துடைத்துவிடலாம். படம் எடுத்தால் அது தானாக இணையச் சேமிப்புக்கும் போய்விடுகிறது. தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போது கடைக்காரரின் மேசையிலும் கிடக்கிறது. தாளில் எழுதுங்கள். இரண்டு பிரதி, இரண்டு இடம். உதவி செய்கிறேன் என்று யாராவது அந்தச் சொற்களைக் கேட்டால் அவர் திருடர், விதிவிலக்கே கிடையாது.

வலையமைப்பைப் பாராமல் அனுப்புவது

டொலர் மதிப்பை ஒட்டி நிற்கும் டெதர் என்ற ஒரே நாணயம் ட்ரொன் என்ற வலையமைப்பிலும் ஓடுகிறது, ஈதரியத்திலும் ஓடுகிறது. மாறி அனுப்பினால் திருப்பி எடுக்க வழி இல்லாமல் போகலாம். முதலில் சிறு தொகை. அது போய்ச் சேர்ந்த பிறகே மீதி.

வங்கி அட்டையாலும் அந்நியர் கணக்காலும் வாங்குவது

மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களுக்கு அறிவித்தல் விடுத்து, மெய்நிகர் நாணயச் சேவைக்கு எவருக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று சொன்னது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த பணிப்புரைப்படி, கடன் அட்டையாலோ டெபிட் அட்டையாலோ இதற்குப் பணம் கட்டவும் முடியாது. எனவே பலர் முகம் தெரியாத ஒருவரின் கணக்குக்கு ரூபாயை அனுப்பி டெதர் வாங்குகிறார்கள். விற்கும்போது ஆபத்து இன்னும் கூடும். உங்கள் கணக்குக்கு வரும் பணம் வேறொருவரிடம் ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், முறைப்பாடு உங்கள் கணக்கைத் தேடி வரும். சம்பளமும் ஓய்வூதியமும் வரும் கணக்கே முடக்கப்படலாம். சம்பளக் கணக்கை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது.

கடன் வாங்கி இறங்குவது

வேண்டாம். 2021 நவம்பரில் 69,000 டொலரைத் தொட்ட பிட்கொயின் ஒரே ஆண்டில் 16,000க்கும் கீழே போனது.

வீட்டாருக்குச் சொல்லாமல் வைத்திருப்பது

காணி உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளி இருக்கிறார். வங்கிக் கணக்குக்கு மரணச் சான்றிதழோடு போய் வழி கேட்கலாம். சொந்த வொலட்டில் உள்ள பிட்கொயினுக்கு இவை எதுவும் இல்லை; சொற்கள் தெரியாவிட்டால் புதுக்கடை நீதிமன்றக் கட்டளையைக் கொண்டுவந்தாலும் அது அசையாது. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், இறந்தவரின் பழைய மடிக்கணினியை இன்னும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகக் கேட்டு அலைகிறது.

எந்த வொலட், என்னென்ன நாணயம், சொற்கள் எழுதிய தாள் எங்கே என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி மனைவியிடமோ கணவரிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ கொடுங்கள். சொற்களை அந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள். கொடுத்த பிறகு, ஒரு சிறு தொகையை அவர்கள் கையாலேயே ஒருமுறை அனுப்ப வைத்துப் பாருங்கள்.