வலுவிழக்கும் ஹரிக்கேன் பாலைவனக் கரையை நெருங்கும்போது: பாஹாவிலிருந்து தெற்குக் கலிபோர்னியா வரை பின்தொடர்வது எப்படி

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறும் ஹரிக்கேன் பெரும்பாலும் வலுவிழந்துகொண்டேதான் வரும். அறிவிப்புக்கு அறிவிப்பு காற்றின் வேகம் இறங்குவதைப் பார்த்து, "இனி ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. 2023 ஆகஸ்டில் ஹிலரி என்ற புயல் நான்காம் வகை (ஐந்தாம் வகையே உச்சம்) ஹரிக்கேனாக இருந்தது. பிறகு வெப்பமண்டலப் புயலாகத் தளர்ந்து, ஆகஸ்ட் 20 அன்று பாஹாவின் வடபகுதியில் கரை ஏறியது. அதே நாளில் கலிபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனத்தில் உள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 2.20 அங்குலம், அதாவது 56 மி.மீ. மழை கொட்டியது. அங்கே ஆண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே புயல் தெற்கே இருக்கும்வரை காற்றைப் பாருங்கள். குளிர்ந்த கடலுக்குள் நுழைந்ததும் ஈரத்தைப் பாருங்கள்.

முதலில் அறிவிப்பு நேரங்கள். அமெரிக்கத் தேசிய ஹரிக்கேன் மையம் கிழக்குப் பசிபிக் புயல்களுக்கு, பசிபிக் கோடை நேரப்படி காலை 8, பிற்பகல் 2, இரவு 8, அதிகாலை 2 மணிக்கு முழு அறிவிப்பு தரும். கரைக்கு எச்சரிக்கை வந்துவிட்டால் இடையிடையே 11, 5 மணிக்கும் சிறு அறிவிப்பு வரும். பொதுமக்களுக்கான சுருக்கத்தோடு நிறுத்தாமல், முன்கணிப்பாளர் எழுதும் "டிஸ்கஷன்" பகுதியைக் கட்டாயம் படியுங்கள். புயல் ஏன் தளர்கிறது, கணிப்பில் எங்கே தடுமாற்றம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வரைபடத்தில் தெரியும் கூம்பு புயலின் மையம் போகக்கூடிய பாதையை மட்டுமே காட்டுகிறது. மையம் அதற்குள் இருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். மழை எங்கே பெய்யும் என்று கூம்பு சொல்லாது.

அடுத்து கடல் வெப்பம். ஆகஸ்டில் பாஹாவின் தென்முனையான காபோ சான் லூகாஸ் பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும் கடல், கலிபோர்னியா நீரோட்டத்தால் வடக்கே போகப்போக சில்லிட்டுவிடும். கடல்மேற்பரப்பு வெப்ப வரைபடத்தில் 26 டிகிரி செல்சியஸ் கோட்டைக் கண்டுபிடியுங்கள்; அதைவிடக் குளிர்ந்த நீரில் ஹரிக்கேன் தளரும். கணிப்புப் பாதை அந்தக் கோட்டைக் கடக்கும் இடத்திலிருந்து கரை எவ்வளவு தூரம் என்று அளந்து, புயல் நகரும் வேகத்தால் வகுங்கள். 500 கி.மீ. குளிர்ந்த நீரை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடந்தால் 25 மணி நேரம் ஆகும், 40 கி.மீ. வேகமென்றால் பன்னிரண்டரை மணி நேரம்தான். வேகமாக வரும் புயல் முழுதாகத் தளர்வதற்குள் கரைக்கு வந்துவிடும். கிழக்கே உயர் அழுத்தமும் மேற்கே கடலின் மேல் தாழ்வுப் பள்ளமும் அமைந்து, நடுவில் புயல் சிக்கினால் இந்த வேகம் கிடைக்கிறது. ஹிலரிக்கு அப்படித்தான் அமைந்தது. பாதை பாஹாவுக்குக் கிழக்கே, கலிபோர்னியா வளைகுடாப் பக்கம் விலகினால் கணக்கே மாறிவிடும். அங்கே கோடையில் கடல் 30 டிகிரியை ஒட்டி இருக்கும்.

செயற்கைக்கோள் படத்துக்கு அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளான கோஸ்-18 போதும். அது பல அலைவரிசைகளில் (பேண்ட்) படம் எடுக்கிறது. பேண்ட் 13 அகச்சிவப்புப் படத்தில் மேக உச்சிகள் மைனஸ் 70 டிகிரியிலிருந்து மைனஸ் 40 பக்கம் ஏறுவதும், புயலின் நடுவிலுள்ள 'கண்' மூடிக்கொள்வதும் தளர்ச்சியின் அடையாளம். கொஞ்ச நேரத்தில் மேல்மட்டத் தென்மேற்குக் காற்று இடிமேகங்களை வடகிழக்கே தள்ளிவிட, கீழ்மட்டச் சுழி தனியாக வெளியே தெரியும். பகலில் பேண்ட் 2 என்ற கட்புல ஒளிப் படத்தில் அது சாம்பல் நிறத் தாழ்மேகச் சுருளாகத் துலக்கமாகத் தெரிகிறது. இரவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தாழ்மேகத்தின் வெப்பமும் கடலின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பேண்ட் 13-இல் சுழி மறைந்துவிடும். கண்ணில் படும் குளிர்மேகத் திரளையே மையம் என்று குறித்துக்கொண்டால், விடிந்ததும் மையம் வெகுதூரம் தென்மேற்கே "குதித்தது" போலத் தோன்றும். இரவுக்கு "நைட்டைம் மைக்ரோஃபிசிக்ஸ்" வண்ணப்படத்துக்கு மாறிவிடுங்கள்; தாழ்மேகம் அதில் தனி நிறத்தில் தெரியும்.

ஆனால் பாலைவனத்துக்கு முக்கியமானது அந்தச் சுழி அல்ல, அதிலிருந்து பிரிந்து முன்னால் ஓடும் ஈரம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மிமிக் வரைபடம், காற்றுத்தூணில் மொத்தம் எத்தனை மி.மீ. நீராவி இருக்கிறது என்று மணிக்கு மணி காட்டும். தெற்குக் கலிபோர்னியாவில் அது 50 மி.மீ. அளவைத் தொடுவது மிக அரிது. தொடப்போகிறது என்று தெரிந்தால், புயலின் வகை என்னவாக இருந்தாலும் பெருமழைக்குத் தயாராகுங்கள். சான் டியேகோ மிராமாரிலிருந்து ஏவும் பலூனின் அளவீடு கோடை நேரப்படி அதிகாலை 5, மாலை 5 மணிக் கணக்கில் வரும். அதோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். தொடக்கத்தில் ரேடார் மழை காட்டும், தரையோ காய்ந்தே கிடக்கும். கீழே இருக்கும் வறண்ட காற்றில் துளிகள் ஆவியாகிவிடுகின்றன. இதைப் பொய் எச்சரிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அந்த ஆவியே கீழ்க்காற்றை நனைத்து, பின்னால் வரும் மழைக்கு வழி செய்கிறது.

எந்தச் சரிவில் மழை என்பதை உள்ளூர்க்காரர்களே தவறாக எடைபோடுவதுண்டு. குளிர்கால மழை மேற்கிலிருந்து வருவதால் மலைகளின் மேற்குச் சரிவே நனைந்து பழக்கம். ஹரிக்கேனின் முன்பகுதியில் காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வீசும். அப்போது பாலைவனத்தைப் பார்த்த கிழக்குச் சரிவுகளில் மேகம் முட்டி மழை கொட்டும். அந்தத் தண்ணீர் முழுக்கக் கோச்செல்லா பள்ளத்தாக்கு போன்ற தாழ்நிலங்களுக்குத்தான் இறங்கும். ஹிலரியின்போது பாம் ஸ்பிரிங்ஸில் ஒரே நாளில் 3 அங்குலத்துக்கு மேல் பெய்தது. அருகில் இன்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலையைச் சேறு மூடியது.

ரேடாரை மட்டும் நம்ப முடியாது. 3,300 மீட்டர் உயரமுள்ள சான் ஹசிந்தோ மலை, மேற்கேயிருந்து வரும் ரேடார் கற்றையை மறித்துவிடும். மறைவில் இருக்கும் பள்ளத்தாக்கில் மழை குறைவாகத் தெரியும், சில இடங்களில் தெரியவே தெரியாது. மாவட்ட வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையின் தானியங்கி மழைமானிகளைத் திறந்து, ஒரு மணி நேர அளவைப் பாருங்கள். சுற்றியுள்ள மானிகள் எல்லாம் ஏறும்போது ஒன்று மட்டும் அசையாமல் நின்றால், அது அடைத்திருக்கலாம், சிக்னல் போயிருக்கலாம். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பலத்த காற்றிலும் மானி குறைத்தே காட்டும். மணிக்கு 25 மி.மீ. வந்துவிட்டால் வறண்ட ஓடைகள் பாயத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டுத்தீ எரித்த சரிவுகளுக்கு அதில் பாதியே போதும், அங்கே தண்ணீரோடு சேறும் பாறையும் சேர்ந்து வரும்.

அமெரிக்க வானிலைக் கணிப்பு மையத்தின் பெருமழை வரைபடத்தில் நான்கு படிகள் உண்டு. உச்சப் படியான "ஹை" என்றால், திடீர் வெள்ள அளவை மழை தாண்ட 70 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. ஹிலரிக்கு அந்தப் படியே அறிவிக்கப்பட்டது.

மழை விட்டதும் கண்காணிப்பை நிறுத்த வேண்டாம். மலையில் பெய்தது ஓடைவழியே கீழே வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் நீர்மட்ட மானிகள் பொதுவாக 15 நிமிடத்துக்கு ஒரு அளவு தரும். வறண்ட ஓடையில் அந்தக் கோடு படிப்படியாக ஏறாமல், ஒரே தாவலில் உயரும். வெள்ளம் படுகை மணலை அரித்துவிடுவதால் நொடிக்கு எத்தனை கனஅடி நீர் பாய்கிறது என்ற கணக்கு பிசகும். மட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை மட்டும் பாருங்கள். ஓடும் நீர் 30 செ.மீ. ஆழம் இருந்தாலே சிறிய காரை இழுத்துச் செல்லும், 60 செ.மீ. இருந்தால் பெரும்பாலான வண்டிகளை.

வடக்கு பாஹாவில் 3,000 மீட்டருக்கு மேல் எழும் சான் பெத்ரோ மார்த்திர் மலைத்தொடர் கீழ்மட்டச் சுழியைக் குலைத்துவிடும். ஹரிக்கேன் மையம் கடைசி அறிவிப்பைத் தந்தபின்னும் நடுமட்ட ஈரம் நெவாடாவைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். அப்போது சான் டியேகோ, லாஸ் வேகஸ், ஃபீனிக்ஸ் வானிலை அலுவலகங்களின் உள்ளூர் "டிஸ்கஷன்" அறிக்கைகளுக்கு மாறுங்கள். பாலைவனச் சாலையில் கிளம்பும் முன் கலிபோர்னியா போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் குயிக்மேப் இணைய வரைபடத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹிலரி அரித்த சாலைகளால் டெத் வேலி தேசியப் பூங்கா அக்டோபர் 15 வரை மூடியே கிடந்தது.