ஊட்டிக் குளிரில் நொதிப் புரதத்தைக் கரைத்துச் சோதிப்பது எப்படி?

ஊட்டிப் பக்கம் ப்ராஜெக்ட் செய்கிற, முதல் தடவையாக மறுசேர்க்கைப் புரதம் வாங்கியிருக்கிற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு மனித கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். மனித ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துப் புரதத்தைச் செய்யவைத்து, சுத்திகரித்து, உறையவைத்து உலர்த்திய தூளாக அனுப்புவார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும்தான், மருந்து இல்லை. கூடவே வரும் தாளில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருந்தால் அது 20, 25 டிகிரிக் கணக்கு. ஜனவரிக் காலையில் நம் லேபில் 12 டிகிரி இருந்தாலே பெரிது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதீர்கள். மூடியபடியே அரை மணி நேரம் மேசையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வருகிற ஊர் இது, சில்லென்ற குப்பியைத் திறந்தால் ஈரம் நேராகத் தூளில் போய்ப் படியும். அப்புறம் சென்ட்ரிஃப்யூஜில் அரை நிமிடம் சுற்றுங்கள். 100 மைக்ரோகிராம் தூள் பல சமயம் கண்ணுக்கே தெரியாது, மூடியிலோ சுவரிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். காலிக் குப்பி என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி தாளில் சொன்ன பஃபரில் (பிஎச் எளிதில் மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) 200 மைக்ரோலிட்டரைச் சுவரோரமாக விடுங்கள். மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் கணக்கு வரும். வோர்டெக்ஸ் (குழாயை வேகமாக அதிரவைத்துக் கலக்கும் கருவி) கூடவே கூடாது, நுரை கட்டினால் புரதம் சுருள் அவிழ்ந்து கெட்டுப்போகும். மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாகக் கரையுங்கள். கரைந்ததும் 10 மைக்ரோலிட்டர் வீதம் சின்னக் குழாய்களில் பிரித்து, பெயரும் தேதியும் எழுதி, மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு தடவை உருக்கியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே சகஜம் என்பதால், ஃப்ரீசரில் காலியாக இருக்கும் இடத்தை ஐஸ் பேக்கால் நிரப்பிவிடுங்கள், குளிர் கூடுதல் நேரம் நிற்கும்.

அடுத்து வருவதுதான் பலரும் கவனிக்காமல் விடுவது. ட்ரிஸ் என்ற வேதிப்பொருளில் செய்த பஃபரின் பிஎச் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.03 ஏறும். 25 டிகிரியில் 7.5 ஆக வைத்தது 12 டிகிரியில் கிட்டத்தட்ட 7.9 ஆகிவிடும். இந்த நொதியின் வேகம் பிஎச்சைப் பொறுத்தது, குளிரும் தன் பங்குக்கு அதைக் குறைக்கும், இரண்டும் கலந்தால் உங்கள் எண்ணை யாருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது. அதனால் பஃபர், வினைப்பொருள் (நொதி உடைக்கப்போகிற பொருள்) இரண்டையும் வாட்டர் பாத்தில் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, அந்தச் சூட்டிலேயே பிஎச் பாருங்கள். நொதி மட்டும் கடைசிவரை ஐஸில்.

சோதனைக்கு வினைப்பொருளாகப் பாரா-நைட்ரோஃபீனைல் அசிடேட் போதும். நொதி அதை உடைத்ததும் மஞ்சள் நிறம் வரும், 405 நானோமீட்டரில் அளக்கலாம். இது நொதி இல்லாமலே தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக உடையும், ஆகவே நொதி சேர்க்காத குழாய் ஒன்றைக் கட்டாயம் பக்கத்தில் ஓட்டி, அதன் வேகத்தைக் கழித்துவிட்டு வருவதையே நோட்டில் எழுதுங்கள்.