சமையலறைச் சுவரில் நாமே டைல்ஸ் ஒட்டும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் நண்பர் ஒருவர், சமையல் மேடைக்கு மேலே தானே டைல்ஸ் ஒட்டப்போவதாகச் சொல்லிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், சுவர் முழுக்கப் பசையைப் பூசிவிட்டு, அப்புறம்தான் முதல் டைலையே கையில் எடுக்கிறார். என் முதல் சமையலறையில் நான் செய்த அதே தவறு. அளந்து வெட்டுங்கள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பசையை மொத்தமாகப் பூசுவது

சிமென்ட் பசை சுவரில் ஏறியதுமே மேல்பரப்பு காயத் தொடங்கிவிடும். பெரும்பாலான பசைகள் ஏறக்குறைய 20 நிமிடம் தாங்கும். காற்றும் வெயிலும் பட்டால் அதுகூட இல்லை. பார்வைக்கு ஈரமாகத்தான் தெரியும், ஆனால் மேலே ஏடு படிந்திருக்கும். அதன்மேல் வைத்த டைல் அப்போதைக்கு நிற்கும், பிடிக்காது.

அன்று நான் இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பூசிவிட்டு, ஸ்விட்ச் போர்டுக்காக ஒரு டைலை வெட்ட உட்கார்ந்தேன். திரும்பி வந்து ஒட்டினேன். பார்க்க நேர்த்தியாகவே இருந்தது. மூன்றாவது மாதம் துடைக்கும்போது ஒரு டைல் கையோடு வந்துவிட்டது. அதன் முதுகில் பசையே இல்லை; சுவரிலோ பசை பூசும் பல் கரண்டி இழுத்த வரிகள் நசுங்காமல் அப்படியே நின்றன. நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். அந்த வரிசையில் பாதி, உள்ளே காலி. கொத்தி எடுத்ததில் பக்கத்து டைல்களும் மூலை உடைந்தன. மாற்று வாங்கப் போனால் அதே மாடல், வேறு பேட்ச், அதாவது வேறொரு தடவை தயாரித்தது. நிறம் சற்றே தூக்கல். கடைசியில் முழுச் சுவரையும் மாற்றினேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

மூன்று நான்கு டைலுக்கு வேண்டிய அளவு மட்டும் பூசுங்கள். சந்தேகமா, விரலால் தொடுங்கள். விரலில் ஒட்டவில்லை என்றால் சுரண்டிப் போடுங்கள். தண்ணீர் தெளித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இடையிடையே ஒட்டிய டைல் ஒன்றைப் பெயர்த்து முதுகைப் பாருங்கள், பசை பரவலாகப் படிந்திருக்க வேண்டும்.

மேடையை நம்பித் தொடங்குவது

மேடை பல வீடுகளில் மட்டமாக இருப்பதில்லை. ரசமட்டம் வைத்துக் கோடு போடுங்கள்.

எண்ணெய்ப் பெயிண்ட் மேலேயே ஒட்டுவது

வேண்டாம். முதலில் சுரண்டுங்கள்.

மூலையில் கிரௌட் அடைப்பது

மேடையும் சுவரும் தனித்தனியாக அசைபவை. இரண்டும் சேருமிடத்தில் கிரௌட் (டைல் இடுக்குகளை நிரப்பும் கலவை) அடைத்தால் விரிசல் விடும், தண்ணீர் உள்ளே இறங்கும். அங்கே வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் சீலன்ட்தான் போட வேண்டும். மற்ற இடுக்குகளுக்கு, ஒட்டி 24 மணி நேரம் போகட்டும், அப்புறம் கிரௌட் போடுங்கள். டைல் மேல் படியும் வெண்படலத்தை அன்றே துடைத்துவிடுங்கள்.

கணக்காக வாங்குவது

10 சதவீதம் கூடுதலாக, பெட்டியில் ஒரே பேட்ச் எண் பார்த்து வாங்குங்கள். என் வீட்டுப் பரணில் இப்போதும் ஐந்து டைல் இருக்கிறது.