பென்டிரைவில் பிறர் எழுதாமல் தடுப்பது எப்படி?

தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் விண்ணப்பத்தை அச்செடுக்கப் பென்டிரைவைக் கொடுத்தவர்கள், வீடு திரும்பியதும், கடைக் கணினியிலிருந்து தொற்றிய வைரஸால் கோப்புறைகளெல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறிக் கிடப்பதைக் காண்பது புதிதல்ல. அச்செடுக்கக் கோப்பைப் படித்தாலே போதும் என்பதால், எழுதும் வழியை அடைத்துவிட்டுக் கொடுப்பதே முறை. அதை அடைப்பது பென்டிரைவா, கணினியா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சில பென்டிரைவ்களின் பக்கவாட்டில் நகர்த்தும் பொத்தான் ஒன்று இருக்கும். செருகுவதற்கு முன்பே அதைப் பூட்டு நிலைக்குத் தள்ளுங்கள். முறையாக வடிவமைத்த பென்டிரைவில், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லே எழுதும் கட்டளைகளை மறுத்துவிடும். கணினியின் அமைப்புகளையே மாற்றக்கூடிய நிர்வாகி உரிமை பெற்ற வைரஸாலும் அதை மீற இயலாது. வீட்டில் ஒரு கோப்பை நகலெடுத்துப் பார்த்து, எழுத முடியவில்லை என்ற செய்தி வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எஸ்டி அட்டையின் ஓரத்திலும் அத்தகைய பூட்டு இருந்தாலும், அதை நம்ப வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் துண்டு அட்டையின் மின்சுற்றோடு இணைக்கப்படவே இல்லை. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை, அட்டை செருகப்படும் ரீடர்தான் கவனித்து எழுதாமல் விட வேண்டும். கேனான் கேமராக்களுக்கான சி.எச்.டி.கே. என்னும் கூடுதல் மென்பொருள், பூட்டிய அட்டையிலிருந்தே தொடங்கி அதே அட்டையில் படங்களையும் எழுதுகிறது.

பொத்தான் இல்லாதவர்கள் விண்டோஸில் டிஸ்க்பார்ட் என்னும் கட்டளைக் கருவியைத் திறந்து, "லிஸ்ட் டிஸ்க்" கொடுத்து, கொள்ளளவைப் பார்த்துத் தம் பென்டிரைவின் எண்ணைக் கண்டறியலாம். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யவும், எண் தவறினால் வேறு டிஸ்க் பூட்டப்படும்.) பின்னர் "செலக்ட் டிஸ்க்" என்பதோடு அந்த எண்ணையும், அடுத்து "அட்ரிபியூட்ஸ் டிஸ்க் செட் ரீட்ஒன்லி" என்பதையும் கொடுக்க வேண்டும். "செட்" இருந்த இடத்தில் "க்ளியர்" போட்டால் பூட்டு நீங்கிவிடும். உங்களுக்கு எளிதான இந்த வேலை, நிர்வாகி உரிமை பெற்ற வைரஸுக்கும் எளிதே. மேலும், உங்கள் வீட்டு விண்டோஸில் வைத்த இந்த "ரீட்ஒன்லி" குறியைக் கடைக் கணினி மதித்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை.

கடைக்காரர்கள் விரும்பினால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் "ஸ்டோரேஜ்டிவைஸ்பாலிசீஸ்" என்ற பகுதியை உருவாக்கி, அதில் "ரைட்புரொடெக்ட்" மதிப்பை 1 என வைத்து, தம் கணினியில் செருகப்படும் யூஎஸ்பி சேமிப்பகங்களில் எழுதுவதைத் தடுக்கலாம்; ஆனால் ஸ்கேன் செய்து பென்டிரைவில் போட்டுத் தரும் கடைக்கு இது ஒத்துவராது.

எந்தப் பூட்டும் படிப்பதையோ நகலெடுப்பதையோ தடுக்காது. எனவே ஆதார், மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு, அச்செடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் உள்ள பென்டிரைவை எடுத்துச் செல்லுங்கள்.